திடலுக்குப் பூட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. அம்மாவின் மூட்டுவலி முன்னைக்கு இப்போது தேவலை. உன் அத்தானுக்கு ஆஸ்பத்திரியில் புது ஜெனரேட்டர் வந்ததிலிருந்து வேலையும் கூடியிருக்கிறது, புலம்பலும் கூடியிருக்கிறது. நலமில்லாதது நம் தெருதான்.

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். எழுதினால் உட்கார்ந்து படித்துத்தானே ஆக வேண்டும்.

நம் வீட்டுக்குப் பின்னால் உள்ள திடலை வளைத்து வேலி போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை காலை, என்னிடம் கார் ஓட்டப் பழகப் புதிதாகச் சேர்ந்த பாங்க் அம்மாவை அழைத்துக்கொண்டு காரோடு போகிறேன். அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற பிடியைப் பார்த்தால், யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று தோன்றும். திடல் வாயிலில் இரண்டு சிமெண்ட் தூண், நடுவில் இரும்புக் கேட், கேட்டில் பூட்டு. பக்கத்தில் ஒரு போர்டு: "தனியார் சொத்து. அத்துமீறி நுழைவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்." எந்தத் தனியார் என்று ஒரு பெயர் இல்லை. எனக்கு அதுதான் உறுத்தியது. நேர்மையாக வாங்கியவன் தன் பெயரைத்தானே முதலில் எழுதுவான்?

நீ வெளிநாடு போய் வெகுகாலமாகிவிட்டது. திடலில் இப்போது யார் யார் புழங்குகிறார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்காது. காலையில் நான் என் மாணவர்களுக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுத் தருவது அங்கேதான். லாண்டரிக்கார அம்மா ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் காயப்போடுவதும் அங்கேதான். அம்மா டாக்டர் சொன்ன நடையை அங்கேதான் நடக்கிறாள். மாலையில் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். உன் அத்தானும் தெருவில் பாதிப் பேரும் திடலைக் குறுக்கே தாண்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். இனி பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பின்னால் மூடிக் கிடக்கும் செங்கல் சூளையையும் சேர்த்தே வளைத்திருக்கிறார்கள். சூளை எப்போதும் தனியாருடையதுதான், அதில் யாருக்கும் பேச்சில்லை. திடல் எப்போது அதோடு சேர்ந்தது என்றுதான் யாருக்கும் புரியவில்லை.

தெருவில் இதைப் பற்றி ஆளுக்கொரு நியாயம். மருந்துக்கடைக்காரர், "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல, பேப்பர் இல்லாமலா வேலி போடுவாங்க?" என்கிறார். குறுக்கு வழி அடைபட்டதிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற கூட்டமெல்லாம் அவர் கடை வாசல் வழியாகத்தான் போகிறது என்பதை அவர் சொல்லவில்லை. தையற்காரருக்கோ, இனி ஜன்னல் கண்ணாடி உடையாது என்று உள்ளூர மகிழ்ச்சி. லாண்டரிக்கார அம்மா மட்டும், "ஈரத்துணிய நான் எங்க தலையிலயா காயப்போடறது?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நம் அம்மா சொன்னது வேறு. "பொதுவான எடம்னா எல்லாருக்கும் சொந்தம்னு நாம நெனச்சோம். யாருக்கும் சொந்தமில்லன்னு எவனோ நெனச்சிருக்கான்" என்றாள்.

எனக்கு ரேடியோ மேல் ஒரு சந்தேகம். டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்றாரே, ஊர்ச் செய்தி முழுவதையும் காலையிலேயே ஒலிபரப்புவாரே, அவர்தான். வேலி போட்டது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவர் பஸ் பிடித்துத் தெருவையே அணைக்கட்டுக்குச் சுற்றுலா அழைத்துப் போனார். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கு ஒரு டீ வாங்கித் தராத மனிதர், வழியெல்லாம் எல்லோருக்கும் பிஸ்கட் கொடுத்துக்கொண்டே வந்தார். நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

போன தடவை பேசியபோது, இன்னும் திடலில்தான் வகுப்பு எடுக்கிறாயா, வேறு யாரெல்லாம் வருகிறார்கள், யாராவது வந்து ஏதாவது கேட்கிறார்களா என்று நீ விசாரித்தாய். நீ கேட்ட வேளையோ என்னவோ, இப்படி ஆகிவிட்டது.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. இவ்வளவு சீக்கிரம் நீ பதில் எழுதி நான் பார்த்ததில்லை. அம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பெரிய இடத்து விவகாரத்தில் தலையிடாதே, மனுவிலெல்லாம் கையெழுத்துப் போடாதே, வகுப்புக்கு வேறு இடம் பார்த்துக்கொள்" என்று எழுதியிருக்கிறாய். என் மேல் உள்ள அக்கறைதான், புரிகிறது. ஆனால் மனு எழுதப் போகிறோம் என்றோ, இது பெரிய இடம் என்றோ நான் எழுதவில்லையே? சரி, இப்படிப்பட்ட விஷயம் எங்கேயும் பெரிய இடத்தில்தான் போய் முடியும் என்று நீயாகவே ஊகித்திருப்பாய்.

பெரிய இடம் யார் என்று தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் புதுக் கட்டடம் கட்டினாரே, அந்தக் காண்ட்ராக்டர். மருந்துக்கடை வாசலில் நாற்காலி போட்டு எங்கள் எல்லோரையும் அழைத்துப் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. அதிர்ந்து பேசுகிறவனை நம்பிவிடலாம், இந்த மாதிரி சிரித்துப் பேசுகிறவர்களிடம்தான் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். "முறையா வாங்கின எடம்ங்க. நான் மட்டும் இல்ல, உங்க தெரு ஆளு ஒருத்தரும் இதுல பங்கு. வெளிநாட்டுல இருக்கார். பேரைச் சொன்னா அவருக்குச் சங்கடம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

அவர் போட்ட வேலி திடலைச் சுற்றித்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையால் வீட்டுக்கு வீடு வேலி விழுந்துவிட்டது.

இந்தத் தெருவில் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகள் மூன்று. ரேடியோவின் மருமகன், தையற்காரரின் பெரிய பையன், அப்புறம் நீ. அன்றிலிருந்து மூன்று வீட்டுக்கும் விருந்தாளிகள் வந்தபடி இருக்கிறார்கள். சர்க்கரை கேட்டு வருகிறார்கள், பேப்பர் கேட்டு வருகிறார்கள், வந்தவர்கள் சுவரையும் கூரையையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ரேடியோ என் காரைச் சுற்றி வந்து, "சீட் கவர் புதுசா இருக்கே. தம்பி ஏதாவது அனுப்பினாரா?" என்று கேட்டார். மாணவி ஒருத்தி வாந்தி எடுத்ததால் மாற்றினேன் என்றேன். அவர் நம்பவில்லை. நானும் அவரை நம்பவில்லை. அவர் மருமகன் வீட்டில் புது மாடி எடுக்கிறார்களாம்.

தையற்காரர் வெளிப்படையாகவே கேட்டார். "உங்க தம்பியா?" என்றார். "என் தம்பி அந்தத் திடல்லதான் சைக்கிள் பழகினான். முட்டிக்குக் கீழ இன்னும் தழும்பு இருக்கு. அவன் அங்க பூட்டுப் போடுவானா?" என்றேன். அவர் தலையாட்டினார். சொல்லிவிட்டு வந்தபிறகு எனக்கே ஒரு நிம்மதி. உனக்காக நான் இவ்வளவு சத்தமாகப் பேசியது அம்மாவுக்குக் கூடக் கேட்டிருக்கும்.

மருந்துக்கடை வாசலில் தெரு மறுபடி கூடியபோது உன் அத்தான் ஒரு யோசனை சொன்னார். "இவ்வளவு பேச்சு எதுக்கு? நில அளவைக்காரங்கள வரவழைச்சு அளந்துட்டா யாரு எடம்னு தெரிஞ்சுடும்" என்றார். மருந்துக்கடைக்காரர் கடைக்குள் போய்விட்டார். ரேடியோ ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டார். எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் ஒவ்வொரு வீட்டின் பின்சுவரையும் பார்த்தேன். நம் தெருவில் சுவர்களுக்குக் கால் முளைத்திருக்கிறது, தம்பி. ஆண்டுக்கு ஒரு அடி, அரை அடி என்று திடலுக்குள் மெதுவாக நடந்து போயிருக்கின்றன. மருந்துக்கடைக்காரரின் கோடவுன், ரேடியோவின் மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கும் ஸ்கூட்டர் ஷெட், தையற்காரரின் மாடிப்படி. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். காண்ட்ராக்டர் மேல் எல்லோருக்கும் கோபம். ஆனால் அளக்கிற டேப்பைக் கண்டால் அதைவிடப் பயம்.

என் நிலைமை என்ன என்று கேட்கிறாயா? பெரிய ரோட்டில்தான் வகுப்பு. பாங்க் அம்மா நடுரோட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். பின்னால் வந்த லாரிக்காரன் என் குலத்தையே திட்டினான். புதிதாகச் சேர்ந்த இருவர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார்கள். கியரை எங்கே தேடுவது என்று தெரியாதவர்களை லாரிகளுக்கு நடுவே எப்படி விடுவது? வேறு இடம் பார்த்துக்கொள் என்று நீ சுலபமாக எழுதிவிட்டாய். எந்த இடம் என்று எழுதவில்லை.

அம்மா நடக்கப் போவதை நிறுத்திவிட்டாள். கேட்டால், "ரோட்டுல நடந்தா மூட்டு தேறும், ஆளு தேறமாட்டேன்" என்கிறாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா

*

தம்பிக்கு,

நேற்று மதியம் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

போன வாரம் ஒரு அம்மாள் வந்து கார் கற்றுக்கொள்ளச் சேர்ந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், கலகலப்பானவள். ஏன் கற்றுக்கொள்கிறாய் என்று கேட்டதற்கு, "அவரு வேணாம்னு சொல்லலைங்க. 'நீயா?'ன்னு கேட்டுச் சிரிச்சாரு. அந்தச் சிரிப்புக்காகத்தான் கத்துக்கறேன்" என்றாள். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. அவர் யார் என்று நான் கேட்கவில்லை.

நேற்றுத் திடலின் ஓரமாக உள்ள சந்தில் மெதுவாக ஓட்டச் சொல்லிக்கொண்டு போனேன். வேலியைத் தாண்டும்போது, "இந்தக் கேட்ட நீங்க தொறந்துகிட்டு உள்ளயே சொல்லித் தரலாமே, எதுக்கு இந்தச் சந்துல கஷ்டப்படறீங்க?" என்று கேட்டாள்.

"சாவி என்கிட்ட எப்படி இருக்கும்?" என்றேன்.

"என்னங்க இப்படிச் சொல்றீங்க? உங்க தம்பிதானே எங்க வீட்டுக்காரரோட பார்ட்னர்? நம்ம ஆளுங்ககிட்டயே கத்துக்கலாம்னுதானே உங்ககிட்ட வந்தேன்."

என் காலடியில் இருக்கிற பிரேக்கை மிதித்துவிட்டேன். வண்டி குலுங்கி நின்றது. தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று அவள் மன்னிப்புக் கேட்டாள். உன் தப்பில்லை என்றேன். காண்ட்ராக்டர் வீட்டு வாசல் வரை நானே ஓட்டிப் போய் இறக்கிவிட்டேன்.

உன் அத்தானிடம் மட்டும் சொன்னேன். அவர், "இதையும் உடனே நம்பாதே. தெருவப் பிரிக்கறதுக்காக அந்தாளே பொண்டாட்டிய அனுப்பி வெச்சிருப்பான்" என்றார். இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன். அவள் முகத்தைப் பார்த்தவள் நான். அதில் சூது தெரியவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த முகத்தில் எது தெரிகிறது என்று எனக்கே நிச்சயமில்லை.

உடனே உனக்குப் போன் செய்தேன். எடுத்தாய். காண்ட்ராக்டர் என்ற வார்த்தையைச் சொன்னதும் "சிக்னல் சரியில்லக்கா" என்றாய். எனக்கு நீ மூச்சு விடுவதுகூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு நான் எத்தனை முறை அழைத்தும் நீ எடுக்கவில்லை.

அந்த நேரத்திலிருந்து உன் பழைய பேச்சுகளையெல்லாம் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். திடலுக்கு யாரெல்லாம் வருகிறார்கள் என்று ஏன் கேட்டாய்? நான் எழுதாத மனுவை உனக்கு யார் சொன்னார்கள்? ரேடியோவை நான் சந்தேகப்பட்டேன் பார், பாவம். அந்த மனிதர் பேரன் பிறந்த சந்தோஷத்தில் பிஸ்கட் கொடுத்திருக்கிறார். இப்போதுதான் தெரிந்தது.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டின்போது, "அவனுக்கு எழுதினியா? ஆசி சொன்னேன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

நீ நீளமாக விளக்கம் எழுத வேண்டாம். ஆமா, இல்லை. இரண்டில் ஒன்றை எழுதினால் போதும்.

அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

ஆமா, இல்லை என்று கேட்டேன். நீ நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய்.

எனக்காகத்தான் செய்தாய் என்கிறாய். திடலின் ஒரு பகுதியில் என் பெயரில் பயிற்சி மைதானம் அமைத்து, ஆபீஸ் அறை கட்டி, எல்லாம் முடிந்தபிறகு அழைத்துப் போய்க் காட்டி என்னைத் திகைக்க வைக்க நினைத்தாயாம். அதுவரை யாருக்கும் தெரிய வேண்டாம் என்றிருந்தாயாம். நம்பிவிட வேண்டும் என்று நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி மறுபடி படித்தேன். நீ சின்ன வயதிலிருந்தே எனக்கு ஏதாவது வாங்கித் தர ஆசைப்படுகிறவன்தான், அதை நான் மறக்கவில்லை. ஆனால் லாரிகளுக்கு நடுவே வகுப்பு எடுக்கிறேன் என்று எழுதியபோதும் வாய் திறக்காமல் இருந்தாயே, தம்பி. அன்பளிப்பு கொடுக்கிறவன் வாங்கப்போகிறவளைக் கேட்டுக்கு வெளியே இப்படி நிறுத்தி வைப்பானா?

நீயும் காண்ட்ராக்டரும் என்ன பேசிக்கொண்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே நடந்ததைச் சொல்கிறேன். மற்றவர்கள் சொல்லி நீ கேட்பதைவிட நான் சொல்லிக் கேட்பது நல்லது.

லாண்டரிக்கார அம்மா யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அளந்து தரச் சொல்லித் தானே போய் மனுக் கொடுத்துவிட்டாள். அவள் வீட்டுக்குப் பின்சுவரே கிடையாது, அவளுக்கென்ன பயம்? நில அளவை அதிகாரி தன் ஆட்களோடு வந்தார். முதலில் மருந்துக்கடைக்கு எதிரில் எல்லோரையும் உட்கார வைத்து, யார் யார் திடலைப் புழங்கி வந்தீர்கள், எழுதித் தரத் தயாரா என்று கேட்டார். லாண்டரிக்கார அம்மா எழுந்தாள். உன் அத்தான் எழுந்தார். நானும் எழுந்தேன். மற்றவர்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் மறைத்தால் நாளைக்குக் காண்ட்ராக்டர் சொல்வார். என் வாயாலேயே வரட்டும் என்று, "காண்ட்ராக்டரோட பங்குதாரர் என் தம்பிதாங்க" என்றேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "தெரிஞ்சுதான் அவருக்கு எதிரா எழுதறீங்களா?" என்றார்.

"அவனுக்கு எதிரா எழுதலைங்க. நான் தெனமும் காலையில அங்க கார் ஓட்டச் சொல்லித் தந்தேன். அத எழுதறேன்" என்றேன்.

தையற்காரர் எழுந்தார். "அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆடற நாடகம் இது. ஒருத்தர் பூட்டுவாங்க, ஒருத்தர் தொறப்பாங்க, கடைசியில எடம் அவங்க வீட்டுக்குள்ளதான் போகும்" என்றார். "அவன் சைக்கிள் பழகின கதையெல்லாம் சொன்னீங்களேம்மா" என்றும் கேட்டார். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாண்டரிக்கார அம்மா சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். தையற்காரர் பேசியதைக் கூடப் பொறுத்துக்கொண்டேன். அவள் நகர்ந்த அந்த ஒரு ஜாண் தூரம் எனக்கு ஆறவே இல்லை.

பிறகு அளந்தார்கள். பத்திரத்தில் இருப்பது செங்கல் சூளை மட்டும்தான். திடல் அதில் இல்லை. அது முன்பும் பொது இடம், இப்போதும் பொது இடம். விசாரணை முடியும் வரை கேட்டைத் திறந்தே வைக்க வேண்டும் என்று உத்தரவாகியிருக்கிறது. பூட்டை எடுத்துவிட்டார்கள். தூண்களும் கம்பியும் நிற்கின்றன.

அளந்த டேப் தெருவையும் விடவில்லை. பின்சுவர்களில் எல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோடவுன் போகும், ஷெட் போகும், மாடிப்படி போகும். நாம் மட்டும் யோக்கியம் என்று நினைத்துவிடாதே. நம் குளியலறையில் பாதி பொதுச் சொத்தாம். அது எப்போது யார் கட்டியது என்று அம்மாவுக்கே ஞாபகமில்லை. உன் அத்தான், "இனிமே குளிக்கறதுக்கும் மனு போடணும்" என்றார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் நான் சிரித்தேன். தெருவில் எங்களோடு பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட் திறந்திருக்கிறது, எல்லோரும் அதன் வழியாகத்தான் போகிறார்கள். திறக்க எழுதித் தந்தவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். காண்ட்ராக்டர் மனைவி மட்டும் தவறாமல் வருகிறாள். எதுவும் பேசுவதில்லை. நன்றாக ஓட்டுகிறாள்.

இப்போது முக்கியமான விஷயம். விசாரணையில் காண்ட்ராக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "நான் வெளியூர்க்காரன்ங்க, எனக்கென்ன தெரியும்? இங்க வரைக்கும் நம்ம எடம்னு எல்லை காட்டி வேலி போடச் சொன்னதே பார்ட்னர்தான். அவரு இந்தத் தெருவுலயே பொறந்து வளர்ந்தவரு. சூளை எது, திடல் எதுன்னு அவருக்குத் தெரியாதா?" என்றார்.

நீயோ, அவர் காட்டிய பத்திரத்தை நம்பிப் பணம் போட்டேன், எல்லை எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அவர் உன்னைக் காட்டுகிறார், நீ அவரைக் காட்டுகிறாய். அந்த மனிதர் வாயில் உண்மை வராது என்று எனக்குத் தெரியும். அவரைச் சந்தேகப்படுவது எனக்குச் சுலபம். உன்னைச் சந்தேகப்படுவதற்குத்தான் நான் பழகவில்லை. ஆனாலும் அன்றைக்கு அந்த விசாரணையில், சூளைக்கும் திடலுக்கும் நடுவே எல்லையாக இருக்கும் பள்ளத்தைச் சைக்கிளில் தாண்டப் போய் விழுந்துதான் நீ முட்டியைக் கிழித்துக்கொண்டாய் என்பது என் நினைவுக்கு வந்தது. அதை நான் அதிகாரியிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் உன்னையும் விசாரிப்பார்கள். வர முடியாவிட்டால் எழுதி அனுப்பலாம் என்றார் அதிகாரி. அதில் திடல் எங்கள் பத்திரத்தில் இல்லை, அதில் எனக்கு உரிமை இல்லை என்று நீ எழுதிக் கையெழுத்திட்டால், காண்ட்ராக்டர் மேலே எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் நிற்காது என்கிறார்கள். சூளையை வைத்துக்கொள், விற்றுக்கொள், அது உன் இஷ்டம். அக்காவுக்கு மைதானம் வேண்டாம். ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, எல்லோரோடும் சேர்த்து.

ஏமாந்துவிட்டேன் என்று நீ எழுதினால் நம்புகிறேன். தெரிந்தேதான் செய்தேன் என்று எழுதினால், படித்துவிட்டு ஒரு நாள் அழுவேன், மறுநாள் எழுந்து வேலைக்குப் போவேன். இரண்டில் எதுவானாலும் இந்த வீட்டில் உனக்குச் சோறு உண்டு. எதையும் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. ஒன்றும் சொல்லாமல் இருக்கிறவனை எந்தப் பக்கமாக நினைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, உன்னைத் திட்டவும் இல்லை. கேட் வழியாகப் போய்த் திடலைச் சுற்றி நடந்துவிட்டு வந்தாள். உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நீ அவனுக்கு மூத்தவதானே, நீயே ஆசி சொல்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதனால் இந்த முறை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கே இருந்தாலும், எவ்வளவு சம்பாதித்தாலும், படுத்தவுடன் தூக்கம் வருகிற மனிதனாக இரு.

என்றும் உன்
அக்கா